கைப்பிடி வைத்த சென்ட்ரிங்

"உள்ள போன பலகை வெளிய வர மாட்டேங்குது சார்" என்றார் மேஸ்திரி.

சார்ட்டுக்காரர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டார். அந்தக் காதில் செய்தி கொஞ்சம் நல்லபடியாகக் கேட்குமோ என்று ஒரு நப்பாசை.

"எந்தப் பலகை? எதுக்குள்ள போச்சு?"

"தண்ணித் தொட்டிக்குள்ள சார். மூடிக்குக் கான்கிரீட் போட அடியில பன்னெண்டு பலகை கொடுத்தோம்ல? இன்னிக்குப் பிரிச்சாச்சு. முட்டுக் குழாயெல்லாம் சமத்தா வெளிய வந்துடுச்சு. பலகைதான் அடம்பிடிக்குது."

"ஏன்?"

"பலகை எட்டடி நீளம், நாலடி அகலம். மூடியில விட்டிருக்கிற ஓட்டை ஒன்றரை அடி."

"அப்ப உள்ள எப்படிய்யா போச்சு?"

"உள்ள போறப்ப மூடியே இல்லையே சார்."

நியாயமான பதில்தான். அதனால்தான் சார்ட்டுக்காரருக்கு அவ்வளவு கோபம் வந்தது.

கான்கிரீட் என்பது பிறக்கும்போது வெறும் கஞ்சி. அது இறுகிக் கல்லாகிற வரை கீழே பலகையும் முட்டும் கொடுத்துத் தாங்க வேண்டும். அந்தத் தாங்கலுக்குத்தான் சென்ட்ரிங் என்று பெயர். இறுகிய பின் பிரித்து அடுத்த இடத்துக்குத் தூக்கிப் போவார்கள். எந்தப் பலகை, எந்தத் தேதியில், எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று திட்டம் போடுவது சார்ட்டுக்காரரின் உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாகப் போடுகிறார். அவருடைய அறையில் நான்கு சுவரையும் சுற்றி ஒரே சார்ட். ஐந்தாவது சுவர் இல்லையே என்பதுதான் அவருடைய நிரந்தரக் குறை. ஒருமுறை டீ கொண்டுவந்தவர் அந்தச் சார்ட்டில் தன் பெயரைத் தேடி, தனக்குச் செவ்வாய்க்கிழமை வேலை இல்லை என்று முடிவு செய்து வீட்டுக்குப் போய்விட்டார்.

"என் சைட்டுல ஒரு பலகையும் ஒரு நாள் தூங்காது" என்பார் சார்ட்டுக்காரர். உண்மைதான். ஆனால் சார்ட்டில் ஏறாத எதுவும் அவர் ஞாபகத்தில் நிற்காது. தன் கல்யாண நாளையே பச்சைக் கட்டம் போட்டு, 'மாற்றமில்லை' என்று எழுதி வைத்திருந்தார்.

அந்தச் சார்ட்டின்படி தொட்டியிலிருந்து புதன்கிழமை வெளியே வரும் பன்னிரண்டு பலகையும் ஹால் தளத்துக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஹாலுக்குக் கான்கிரீட். கலவை லாரிகளுக்குச் சொல்லியாகிவிட்டது. பம்ப் வண்டிக்கும் சொல்லியாகிவிட்டது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. திங்கட்கிழமை முதலாளியம்மா ஒரு கம்ப்யூட்டரை இடுப்பில் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கு வந்திருந்தார்.

"இது தானாவே திட்டம் போடுமாம். வெள்ளிக்கிழமை ஹால் தளம் விழணும். விழுந்தா இந்த நாற்காலி உங்களுக்கு. விழலேன்னா இந்த மெஷினுக்கு. நீங்க மணல் கிடங்குக்குப் போய் லாரி எண்ணுங்க."

மெஷினுக்கு எதற்கு நாற்காலி என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. மணல் கிடங்கில் நிழல் கிடையாது. முக்கியமாக, சுவரே கிடையாது. சார்ட்டை எங்கே ஒட்டுவது?

ஆகவே புதன்கிழமை காலை பத்து மணிக்கு சார்ட்டுக்காரர் ஸ்டோருக்கு ஓடினார்.

ஸ்டோர்காரர் ஆணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆணிகளை நீளவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ரொம்ப விசுவாசமான மனிதர். தீயணைப்பு வாளியைத் தொடாதே என்று யாரோ சொன்னதற்காக, தீப்பிடித்தபோதும் தொடாமல் நின்றவர்.

"பன்னெண்டு பலகை வேணும். புதுசோ பழசோ. இருக்கா?"

"இல்ல சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

ஸ்டோர்காரர் நல்லாப் பார்த்தார். கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், சார்ட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல சார்."

சரி, வெட்டித்தான் எடுக்க வேண்டும். நாலடிப் பலகையை ஓரடி அகலத்துக்கு நாலு கீற்றாக அறுத்தால் ஓட்டை வழியாக வந்துவிடும். மேலே கொண்டுபோய்ப் பக்கம் பக்கமாக அடுக்கினால் மறுபடியும் நாலடி. கணக்கு கச்சிதம். ஆனால் போனில் சொல்லும்போது சார்ட்டுக்காரர் அவசரத்தில் இருந்தார்.

"மேஸ்திரி, அறுத்துடுங்க! சின்னச் சின்னதா அறுங்க. எப்படியாவது வெளிய வந்தாப் போதும்!"

மேஸ்திரி சொன்னதைச் செய்தார். மாலையில் சார்ட்டுக்காரர் போய்ப் பார்த்தபோது தொட்டியருகே ஒரு மலை நின்றது. ஓரடிக்கு ஓரடி. எண்ணி முந்நூற்று எண்பத்து நாலு சதுரங்கள்.

"என்ன மேஸ்திரி இது?"

"சின்னச் சின்னதான்னீங்களே சார்."

"இதை வெச்சு என்ன பண்றது? தளத்துக்குக் கீழ பல்லாங்குழியா ஆடறது?"

"அதான் சார் நானும் அறுக்கும்போதே நெனைச்சேன். இந்த சார் ஏதோ பெருசா யோசிச்சிருக்காரு, நமக்குப் புரியலேன்னு."

ஒவ்வொரு சதுரத்துக்கும் கீழே ஒரு முட்டு என்றால் முந்நூற்று எண்பத்து நாலு முட்டு. ஹாலுக்குள் ஒரு காடே நிற்கும். அதில் நுழையும் ஆள் வெளியே வர வரைபடம் தேவைப்படும்.

வியாழக்கிழமை காலை மறுபடியும் ஸ்டோர்.

"பழைய பலகை, உடைஞ்ச பலகை, கரையான் தின்னது, எதுவா இருந்தாலும் சரி."

"இல்ல சார்." ஸ்டோர்காரரின் குரல் இந்த முறை இன்னும் உறுதியாக இருந்தது. "அந்தச் சதுரம் வந்திருக்கே, அதை எந்தப் பேருல ஏத்த? 'தட்டு'ன்னு எழுதிக்கவா?"

சார்ட்டுக்காரர் சைட்டைச் சுற்றி வந்தார். அப்போதுதான் மாடிப்படி கண்ணில் பட்டது. படிக்கு அச்சு கட்டியாகியிருந்தது, கான்கிரீட் வரும் திங்கட்கிழமைதான். அதில் ஐந்து முழுப் பலகைகள் சும்மா சாய்ந்து கிடந்தன. தூங்குகிற பலகை! தன் சைட்டில்!

"மேஸ்திரி, படியைப் பிரிங்க. அஞ்சை எடுத்து ஹாலுக்குப் போடுங்க. மிச்சம் ஏழுக்கு வழி பண்ணிக்கலாம்."

"சார், ஒரு நிமிஷம். அந்தப் படியிலதான்..."

"நிமிஷமே இல்ல மேஸ்திரி. பிரிங்க!"

பதினோரு மணிக்குப் படி பிரிந்தது. ஐந்து பலகையும் ஹாலுக்குப் போயின. சார்ட்டில் ஒரு மஞ்சள் அம்புக்குறி போட்டுவிட்டு சார்ட்டுக்காரர் நிம்மதியாக ஒரு டீ குடித்தார். இரண்டு நாளில் அவர் சூடாகக் குடித்த ஒரே டீ அதுதான்.

மதியம் ஒரு மணிக்கு, ஹால் தளத்தின் மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"யாருய்யா படியைத் திருடினது?"

ஹால் தளத்தின்மேல் எட்டுப் பேர் காலையிலிருந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏறி இறங்க இருந்தது அந்தப் படி அச்சு ஒன்றுதான். மேஸ்திரி சொல்ல வந்ததும் அதுதான். எட்டுப் பேரும் மேலே. எட்டுச் சாப்பாட்டுப் பாத்திரமும் கீழே. அவர்களுக்குத் தலைவர் கம்பிக்காரர், ஆள் இரண்டு ஆள் அளவு இருப்பார், விளிம்பில் வந்து நின்று குனிந்தார். கீழே நின்றவர்கள் மேல் நிழல் விழுந்தது.

"பசிக்குது" என்றார். அதை மிரட்டலாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

சைட்டில் இருந்த ஒரே ஏணியைச் சாய்த்தார்கள். கம்பிக்காரர் முதலில் கால் வைத்தார். ஏணியில் மூன்று படி குறைந்தது. நல்லவேளை, அவர் மேலேயே நின்றுவிட்டார். அடுத்த நாள் கான்கிரீட் போடுகிறவர்களும் மேலே போயாக வேண்டும். ஒட்டுப்போட்ட ஏணியெல்லாம் ஆகாது.

"சாய்வாப் பாதை ஒண்ணு போட்டுத்தான் ஆகணும் சார்" என்றார் மேஸ்திரி. "பலகை வெச்சு."

"எத்தனை பலகை?"

மேஸ்திரி உயரத்தைப் பார்த்தார். கம்பிக்காரரின் அகலத்தைப் பார்த்தார்.

"ஆறு."

படியிலிருந்து எடுத்தது ஐந்து. பாதைக்குப் போனது ஆறு. பன்னிரண்டு பலகை குறைவாக இருந்த இடத்தில் இப்போது பதின்மூன்று குறைவு. இருபத்திரண்டு வருடத் திட்டமிடலில் ஒரு பொருளைத் தேடிக் கண்டுபிடித்து அதனாலேயே ஒன்று குறைந்தது இதுதான் முதல் தடவை.

நாலு மணிக்கு சார்ட்டுக்காரர் மூன்றாவது முறையாக ஸ்டோருக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. தலையில் மரத்தூள். வந்தவர் ஸ்டோர்காரரின் காலில் விழுந்தார். பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே, ஆணி மூட்டைகளுக்கு நடுவே, நெடுஞ்சாண்கிடையாக.

"பதிமூணு பலகை. என் நாற்காலி போயிடும்யா. மணல் கிடங்குல என்னை நிறுத்திடுவாங்கய்யா. எங்கேயாவது ஒரு மூலையில..."

"ஐயோ, எழுந்திரிங்க சார்! எழுந்திரிங்க!" ஸ்டோர்காரர் துடித்துப்போனார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"இல்ல சார். இல்லவே இல்ல."

தன் கஷ்டத்துக்கு இன்னொருவர் இப்படி உருகுகிறாரே என்று சார்ட்டுக்காரருக்கே மனசு நெகிழ்ந்துவிட்டது. அவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டக் கை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. கதவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஏழடி. மூன்றடி. கெட்டியான பலகை.

மனைவி திறந்தபோது அவர் கையில் டேப் இருந்தது.

"என்னங்க, கதவை அளக்கிறீங்க?"

"நம்ம வீட்டுல மொத்தம் எத்தனை கதவு?"

இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அந்த அம்மாள் அவருடைய எல்லாக் கேள்விகளுக்கும் பழகியிருந்தார். இதற்குப் பழகவில்லை.

"ஏழு. ஏன்?"

"ஹால் தளத்துக்கு அடியில வெக்க. பதினாலு நாளைக்கு மட்டும். பதினஞ்சாம் நாள் அப்படியே கொண்டுவந்து மாட்டிடுவேன். சார்ட்டுல போட்டுடறேன்."

"கதவில்லாம பதினாலு நாளா? பாத்ரூமுக்கு?"

"திரை போட்டுக்கலாம்."

"திரைக்குள்ள ஆள் இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

உள்ளேயிருந்து மாமனார் வந்தார். மருமகன் வேலையைப் பற்றி அவருக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் கலகம் என்றால் உற்சாகம்.

"பாடிட்டே குளிக்கட்டும்" என்றார். "சத்தம் வந்தா ஆள் இருக்கு. சத்தம் நின்னா முடிஞ்சுது."

"அப்பா, உங்களுக்கு ஒரு வரிகூடப் பாட வராது."

"அதனாலதான் சொல்றேன். நான் உள்ள இருந்தா தெருவுக்கே தெரியும்."

"நீங்க சும்மா இருங்கப்பா! என்னங்க, நான் கேட்கிறேன், கட்டடம் உங்க முதலாளியம்மாவோடது. கதவு நம்மளோடது. இது என்ன கணக்கு?"

சார்ட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்தார். மணல் கிடங்கைப் பற்றிச் சொன்னார். வெயிலைப் பற்றிச் சொன்னார். சார்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே தான் நிற்கப்போவதைச் சொன்னார். மனைவி எழுந்துபோய் சமையலறைக் கதவின் பின்னால் தொங்கிய பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"ஸ்க்ரூ டிரைவர் எங்க வெச்சீங்க?" என்றார்.

ஏழு கதவும் கழன்றன. இரண்டு கட்டில்களின் பலகை நான்கு. பதினொன்று. சாப்பாட்டு மேஜையின் மேல்பலகை. பன்னிரண்டு. பதின்மூன்றாவதற்கு வீட்டையே சுற்றி வந்தார்கள். கடைசியில் மாமனார் தன் அலமாரிக் கதவைத் தானே கழற்றிக் கொடுத்தார். கண்ணாடி பதித்த கதவு.

"கண்ணாடி உடைஞ்சிடும் மாமா."

"கண்ணாடி கீழ பாத்து இருக்கட்டும் மாப்பிள்ளை. வேலை செய்யறவங்க தலை வாரிக்கலாம்."

வாசலுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கும் மாமனாரே பதில். நாற்காலியைத் தூக்கி வாசல் நிலைக்கு நட்ட நடுவே போட்டு உட்கார்ந்தார். "இனிமே நான்தான் கதவு" என்று அறிவித்தார். வண்டிக்காரர் கதவுகளை ஏற்றிவிட்டுத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தபோது, "தட்டிட்டு வா" என்று நாற்காலிக் கையைக் காட்டினார். வண்டிக்காரர் தட்டினார். "யாரு?" என்றார் மாமனார்.

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்குள் மேஸ்திரி பதின்மூன்றையும் பொருத்திவிட்டார். அளவு பொருந்தாத சந்துகளில் அந்தச் சதுரங்கள் போய் உட்கார்ந்தன. நூற்றைம்பதுக்குக் குறையாமல் செலவானது. மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, கீழே முட்டுக்குமேல் முட்டுக் கொடுத்து, மேஸ்திரி தானே அதன்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். பிறகு கம்பிக்காரரையும் குதிக்கச் சொன்னார். அதற்கு மேல் சோதனை எந்த ஊரிலும் கிடையாது.

ஏழு மணிக்கு முதல் லாரி வந்தது. பத்தரைக்குக் கடைசி லாரி போனது. தளம் தகதகவென்று ஈரமாக, ஒரு சொட்டு ஒழுகாமல், ராஜா மாதிரி நின்றது.

பதினொரு மணிக்கு முதலாளியம்மா வந்தார். மேலே பார்த்தார், தலையாட்டினார். ஹாலுக்குள் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"அது என்ன, பலகையில கைப்பிடி தொங்குது?"

மேஸ்திரி மேஸ்திரியாகவே இல்லை. முட்டுக்குப் பின்னால் முட்டாக நின்றார். சார்ட்டுக்காரர் முன்னால் வந்தார்.

"பிரிக்கும்போது பிடிச்சு இழுக்க வசதியா இருக்கும்மா. புது முறை."

"ஓஹோ! தாழ்ப்பாள்?"

"கழண்டு விழாம இருக்கும்மா. பாதுகாப்பு."

"அங்க ஒரு கண்ணாடி இருக்கே?"

"அது... அதுல பாத்தா தொழிலாளிக்கு ஹெல்மெட் நேரா இருக்கான்னு தெரியும்மா."

முதலாளியம்மா கண்ணாடியில் தன் ஹெல்மெட்டைப் பார்த்தார். கோணலாகத்தான் இருந்தது. சரி செய்துகொண்டார். அப்புறம் திரும்பியபோது அவர் முகத்தில் இருபத்திரண்டு வருடமாக அவர் பார்க்காத ஒரு மரியாதை இருந்தது.

"இந்த யோசனையெல்லாம் மெஷினுக்கு வருமா?"

"எப்படிம்மா வரும்?"

"அது ஒரு பொய்யான மெஷின் சார். காலையிலேருந்து ஒரே பாட்டு. இதுவரைக்கும் வாங்கின பலகையெல்லாம் கூட்டிப் பாத்துச்சாம். நாற்பது பலகை நம்ம சைட்டுல எங்கேயோ சும்மா கிடக்குதாம்!"

சார்ட்டுக்காரர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். மேஸ்திரியும் முட்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து சிரித்தார்.

"நாற்பது பலகையா? என் சைட்டுலயா? தூங்குதா?"

"அதான் நானும் கேட்டேன். இல்லாததை இருக்குன்னு சொல்ற மெஷினை நம்பி உங்களை மணல் கிடங்குக்கு அனுப்பப் பாத்தேனே! பெட்டியில போட்டுத் திருப்பி அனுப்பிட்டேன். நாற்காலி உங்களுக்குத்தான். நீங்களா ஓய்வு வாங்கிக்கிற வரைக்கும்."

முதலாளியம்மாவின் கார் போனது. சார்ட்டுக்காரர் ஹாலின் நடுவே, தன் வீட்டு வாசற்கதவின் அடியில், உலகத்தையே திட்டம் போட்டு நடத்துகிறவரைப் போல நிமிர்ந்து நின்றார். அப்போது ஸ்டோர்காரர் மெல்ல வந்தார். இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டு, முகமெல்லாம் பெருமையாக, அவர் காதோரம் குனிந்தார்.

"சார், இப்பவாவது எனக்கு ஒரு சபாஷ் சொல்லுங்க. 'அவசரத்துக்கு ஆகும், நாற்பது பலகையைத் தார்ப்பாய் போட்டு ஒளிச்சு வை, நானே வந்து கால்ல விழுந்து கேட்டாலும் இல்லேன்னு சொல்லிடு'ன்னு போன வருஷம் சொன்னீங்களே, நேத்து நீங்க நிஜமாவே விழுந்தப்பகூட நான் வாயைத் திறக்கலையே!"